எத்தனை பொய்யீக்கள் வேண்டும்?

தூண்டில் என்றவுடன் நம் நாட்டார் மனத்தில் எழுங் காட்சி பெரும்பாலும் ஒன்றே. குளக்கரையில் ஒருவன் மூங்கிற் கழியைக் கையிற் பிடித்து, மண்புழுவை முள்ளிற் கோத்து நீரில் இட்டு, தக்கையின் அசைவையே நோக்கியிருப்பான். மேலைநாடுகளில் இதனின் வேறான ஒரு தூண்டின்முறை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அதன்கண் புழுவும் இல்லை, தக்கையும் இல்லை. இறகும் மயிரும் நூலுங் கொண்டு சிறு முள்ளொன்றின் மேல் ஒரு பூச்சி போலக் கட்டி, அதனை ஆற்றுநீரில் விடுத்து, நீர்ப்பூச்சிகளை உண்டு வாழும் டிரௌட் முதலிய மீன்களைப் பிடிப்பர். அங்ஙனங் கட்டிய பூச்சியை ஆங்கிலர் ஈ என்றே வழங்குவர். உண்மை ஈயினின்றும் பிரித்தறிதற்பொருட்டு யான் அதனை இக்கட்டுரையிற் பொய்யீ என்று வழங்குவேன்.

நம் கல்லூரியிற் பயின்று இப்போது இங்கிலாந்தின் வடபகுதியிற் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர் இவ்விளையாட்டைக் கற்க விரும்பித் தூண்டிற் பொருள்கள் விற்கும் கடையொன்றிற் புகுந்த செய்தியை ஈண்டுள்ள தம் நண்பர்க்கு எழுதியிருந்தார். சிறு சிறு அறைகளாகப் பகுத்த பேழைகளிலே நூற்றுக்கணக்கான பொய்யீக்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெயர். ஒரே பெயருடையனவும் நான்கைந்து அளவின. அவற்றுட் சில மிதப்பன, சில அமிழ்வன. கடைக்காரர் ஒரு பன்னிரண்டைக் காட்டினார். அருகில் நின்ற முதியவர் வேறொரு பன்னிரண்டைச் சுட்டினார். வாங்கிப் படித்த நூலோ இவ்விரண்டையும் சேராத மூன்றாம் பன்னிரண்டைக் கூறிற்று. "இவற்றுள் யான் எதனைத் தெரிவது?" என்று அவர் கேட்டிருந்தார். அக்கடிதம் கைமாறி என்னிடமும் வந்தது. அதற்கு விடையாக என் மனத்தில் எழுந்த கருத்தையே ஈண்டு எழுதப் புகுந்தேன். இப்பொருளில் யான் கையாற் செய்து அறிந்ததினும் கண்ணாற் படித்து அறிந்ததே மிகுதி என்பதை முதற்கண் சொல்லிவிடுதல் நலம்.

என் கருத்து இது: தொடக்கத்தானுக்கு ஐந்து வகைப் பொய்யீக்களே போதும். அதனின் மிக்க எதுவும் அவனுக்குத் துணையாகாது, தடையே ஆகும். இதனைச் சிக்கனம் பற்றி மட்டும் யான் கூறினேனல்லேன். பேழை நிறைய நிறைய, ஆற்றைப் பார்க்குங் கண் குறைந்து போகின்றது என்பதே என் வழக்கு.

தமிழ் மாணவனுக்கும் டிரௌட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைக்கலாம். தொடர்பு இல்லாமற் போகவில்லை. 1860-களிலேயே பிரான்சிஸ் டே என்னும் மீனூலறிஞர் இம்மீனை நீலகிரிக்குக் கொணர முயன்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பாருடைய உழைப்பினால் வானவில் டிரௌட் என்னும் இனம் அம்மலையோடைகளில் நிலைபெற்றது. அவலாஞ்சியிற் குஞ்சு பொரிக்கும் நிலையமும் எழுந்தது. ஆயினும் இவ்விளையாட்டின் இலக்கணம் முழுதும் வளர்ந்த இடம் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அமெரிக்காவுமே யாதலின், ஆண்டு நிகழ்ந்தவற்றைக் கொண்டே பேசுதல் முறை.

பொய்யீயின் வரலாறு மிகப் பழைது. ஏறத்தாழ கி. பி. 200 அளவில் வாழ்ந்த ஈலியன் என்னும் ஆசிரியர், மாசிடோனியாவில் பெரோயாவுக்கும் தெசலோனிக்கேவுக்கும் இடையே ஓடும் அஸ்திரேயஸ் என்னும் ஆற்றில் மக்கள் மீன்பிடிக்கும் முறையை எழுதி வைத்துள்ளார். (பவுலடிகளின் பயணங்களைப் படித்தோர்க்கு அவ்விரு நகரங்களும் புதியன அல்ல.) அவ்வாற்று மீன்கள் நீர்மேற் பறக்கும் ஒரு பூச்சியை விரும்பி உண்டன. அப்பூச்சியைப் பிடித்து முள்ளிற் கோத்தலோ இயலாது. மனிதன் கை பட்டவுடனே அதன் நிறங் கெட்டுச் சிறகும் வாடிவிடும். ஆதலின் அம்மக்கள் முள்ளைச் செந்நிறக் கம்பளி நூலாற் சுற்றி, சேவலின் தாடியடியில் வளரும் மெழுகு நிற இறகு இரண்டினை அதன்மேற் கட்டினர். ஈலியன் கூறும் முறை அவ்வளவே: ஓர் ஆறு, ஒரு பூச்சி, ஒரு பொய்யீ. அவர்கள் கடைக்குச் சென்று தெரியவில்லை. ஆற்றங்கரையில் நின்று, மீன் எதனை உண்கின்றது என்று கண்டு, பின்னரே கட்டினார்கள் என்பதை நாம் மறத்தல் கூடாது.

1496-ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சேறிய ஆங்கிலத் தூண்டில் நூல், ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் மாதரசியார் இயற்றியதாகச் சொல்லப்படுவது, பன்னிரண்டு பொய்யீக்களைத் திங்கள் முறைப்படி கூறுகின்றது. 1836-இல் ஆல்பிரட் ரானல்ட்ஸ் என்பார் பூச்சியையும் அதன் போலியையும் அருகருகே வண்ணப்படமாக வரைந்து நூல் வெளியிட்டார். பூச்சியியலைத் தூண்டிற்காரர்க்குக் கற்பித்த நூல் அது. 1886-இல் பிரடரிக் ஹால்போர்டு மிதக்கும் பொய்யீக்களைப் பற்றி எழுதிய நூலில் தொண்ணூறு வகைகள் வண்ணப் படங்களாக இடம்பெற்றன. இயற்கைப் பூச்சி ஒவ்வொன்றற்கும், அதன் ஆண் பெண் வேறுபாட்டிற்குங்கூட, தனித்தனி போலி வேண்டும் என்பது அவர்தங் கொள்கை. தென்னிங்கிலாந்தில் சுண்ணாம்புப் பாறையினின்று ஊறிவரும் டெஸ்ட், இச்சன் முதலிய தெளிந்த ஆறுகளில் அவர் சொல்லே சட்டமாயிற்று.

இக்கொள்கையை மறுத்துரைத்த நூல் அவர்க்கு முன்னரே, 1857-இல், ஸ்காட்லாந்தில் எழுந்திருந்தது. டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் என்பார், நிறத்தை நுணுகிப் போலி செய்தல் வீண் என்றும், சிலந்தி என அவர் பெயரிட்ட மெல்லிறகுப் பொய்யீக்கள் மூன்றினைக் கொண்டே பெரும்பாலும் மீன் பிடிக்கலாம் என்றும், கைத்திறனும் நீரோட்டத்திற்கு எதிர்முகமாக நின்று எறிதலுமே முதன்மையானவை என்றும் வாதித்தார். இருவருள் யார் பக்கம் நிற்பது? யான் ஸ்டூவர்ட் பக்கமே நிற்பேன். அதற்கு ஒரு சான்று ஹால்போர்டே தருகின்றார். 1910-இல் அவர் தம் முதிர்ந்த வயதில் எழுதிய நூலிலே தம் வகைகளை முப்பத்து மூன்றாகக் குறைத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பூச்சிகளை ஆய்ந்த ஒருவர்க்கே முப்பத்து மூன்று போதுமாயின், நேற்று முள்ளைக் கையில் எடுத்தவனுக்கு நூறு எதற்கு?

இனி மீனின் பக்கமிருந்து இதனை நோக்குவோம். மீன் கடைப்பேழையைப் பார்ப்பதில்லை. அது நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கின்றது. ஒளி நீரிற் புகும்போது வளைகின்றமையால், வெளியுலகம் முழுதும் மீனுக்கு அதன் தலைக்கு மேலே ஒரு வட்டப் பலகணியினூடே மட்டும் தோன்றும். அப்பலகணியின் கோணம் ஏறத்தாழ 97 பாகை. அவ்வட்டத்திற்கு வெளியே நீர்மட்டம் கண்ணாடி போல ஆற்றின் அடிப்பகுதியையே திருப்பிக் காட்டும். மிதந்து வரும் பூச்சி அவ்வட்டத்தினுட் புகும்போது வானத்தின் வெளிச்சத்திற்கு எதிரே கருநிழலாகத் தெரியும். அந்நிலையில் அதன் அளவும் வடிவும் விளங்கும் அளவிற்கு நிறம் விளங்காது. கடையில் விளக்கின் கீழே வைத்துப் பார்த்து, "இது சற்று இளம்பச்சை, அது சற்று மஞ்சட்பச்சை" என்று வேறுபடுத்தும் நுட்பமெல்லாம் பெரும்பாலும் வாங்குவான் கண்ணுக்கே யுரியது.

ஆதலின் தெரியும் முறையிலே முதலிடம் பெறத்தக்கது, பொய்யீ நீரின் எந்த மட்டத்தில் நிற்றல் வேண்டும் என்பதே. இதனை அறிய நீர்ப்பூச்சியின் வாழ்க்கையைச் சிறிது அறிதல் வேண்டும். மே ஈ என்று வழங்கும் இனத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் மே ஈயாயினும் இவ்வினத்துப் பூச்சிகள் அத்திங்களில் மட்டும் தோன்றுவன அல்ல. இதன் முட்டை நீரிற் பொரிந்து, இளம்பருவம் முழுதும், பல வகைகளில் ஏறத்தாழ ஓராண்டு, கல்லடியிலும் நீர்ச்செடியிடையிலும் கழிகின்றது. பின்னர் ஒருநாள் அது நீர்மட்டத்திற்கு எழுந்து, தோலுரித்து, மங்கிய சிறகோடு சிறிது நேரம் மிதந்து பறந்து போகும். கரைச்செடியில் இருந்து மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும். சிறகு முளைத்த பின்னும் தோலுரிக்கும் பூச்சி இஃதொன்றே என்பர். அப்போது தெளிந்த கண்ணாடிச் சிறகு பெற்று, கூடி, முட்டையிட்டு, ஓரிரு நாளில் இறந்து நீர்மேல் வீழும். சிறகுடைய பருவத்தில் அஃது உண்பதே இல்லை. ஓராண்டு நீருக்குள், ஓரிரு நாள் வெளியே. இக்கணக்கைப் பார்த்தாலே மீனின் உணவிற் பெரும்பகுதி நீருக்குள்ளேயே கிடைப்பது என்பது விளங்கும். ஆயினும் கடையிற் புகுவான் மனத்தைக் கவர்வனவோ மேலே மிதக்கும் சிறகழகுடைய பொய்யீக்களே!

இவ்வுண்மையை நாட்டினவருள் முதன்மையானவர் ஜி. ஈ. எம். ஸ்கூஸ் என்னும் லண்டன் வழக்கறிஞர். தாம் பிடித்த மீனின் இரைப்பையை ஒரு நீண்ட கரண்டியால் துருவி எடுத்து, வெண்ணிறத் தட்டிலிட்டு நீர் விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். ஆண்டு அவர் கண்டவற்றுள் நீருக்குள் வாழும் இளம்பருவப் பூச்சிகளே மிகுதி. 1910-இல் அவர் நூல் வெளிவந்தபோது, மிதக்கும் பொய்யீயொன்றே அறமென்று கொண்டிருந்த ஹால்போர்டு வழியினர்க்கு அது பெருஞ் சினத்தை விளைத்தது. 1938-இல் லண்டனிலிருந்த தூண்டிற்காரர் கழகத்திலே இதுபற்றி முறையான சொற்போரே நடந்தது. சைவ வைணவ வாதங்களையும், நம் இலக்கண ஆசிரியர்களின் மறுப்பு நூல்களையும் படித்த நமக்கு இதில் வியப்பொன்றும் இராது. பூச்சி நீர்மேல் இருத்தல் வேண்டுமா, நீர்க்கீழ் இருத்தல் வேண்டுமா என்பதற்கே முதியோர் கூடிச் சொற்போர் நிகழ்த்தினர். மீன் இவ்வாதத்திற் கலந்துகொள்ளவில்லை. பசித்தபோது பசித்த இடத்தில் உண்டது.

மட்டத்திற்கு அடுத்தது அளவு. முள்ளின் அளவை எண்ணாற் குறிப்பர். எண் பெருகப் பெருக முள் சிறுத்துப் போகும் என்பதைத் தொடக்கத்தான் நினைவில் வைத்தல் வேண்டும். 10 பெரியது, 14 நடுத்தரம், 18 மிகச் சிறியது. ஒரே வகைப் பொய்யீயை 14-இல் இட்டபோது விலகிய மீன், 16-இல் இட்டபோது வாய் திறந்து வருதல் உண்டு. அளவிற்கு அடுத்தது வடிவம். நிறம் அதற்கும் பின்னர்.

இவை எல்லாவற்றினும் மேலாவது எறியும் முறையும் மிதக்கவிடும் முறையும். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனமே தங்கூசியை இழுத்துச் செல்லும். பொய்யீக்கோ கனமே இல்லை. ஆதலின் இவ்விளையாட்டிற் கயிற்றையே பருமனும் கனமும் உடையதாகச் செய்து, கோலின் வளைவினால் அக்கயிற்றை எறிவர். கயிற்றின் நுனியிற் கட்டிய மெல்லிய தங்கூசி பொய்யீயைச் சுமந்து செல்லும். நீரோட்டம் அக்கயிற்றைப் பற்றி இழுத்தால், பொய்யீயும் நீரை வகிர்ந்துகொண்டு குறுக்கே ஓடும். உயிருள்ள பூச்சி அங்ஙனம் ஓடாது. அது நீர் சென்ற வழியே செல்லும். மிதந்து வரும் பூச்சியைத் தின்னும் மீன் அவ்வியற்கையல்லா ஓட்டத்தைக் கண்டால், நிறம் எத்துணைப் பொருந்தினும் உண்ணாது. மீன் பொய்யீயை மறுத்தவுடன் தொடக்கத்தான் செய்வது யாது? பேழையைத் திறந்து வேறொன்றை எடுத்துக் கட்டுகின்றான். அதுவும் மறுக்கப்பட, மற்றொன்று. பொழுது முழுதும் முடிச்சிடுவதிலேயே கழிகின்றது. பேழையில் ஐந்தே வகை உடையவன் விரைவில் அவற்றைத் தீர்த்துவிடுவான். பின்னர் அவன் வேறு வழியின்றித் தன் நின்ற இடத்தை மாற்றுவான், கயிறு வீழும் முறையை மாற்றுவான், நீரை உற்று நோக்குவான். வறுமை அவனுக்கு ஆசிரியனாகின்றது. நிகண்டு முழுவதையும் நெட்டுருச் செய்த பின்னரே செய்யுள் படிப்பேன் என்று இருந்தவன் எவனாவது செய்யுள் படித்ததுண்டா?

இதற்கு மாறாகக் கூறுவாரும் உளர்; அவர் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. தெளிந்த ஆறுகளில் ஒரே பூச்சி பெருந்தொகையாக எழும் மாலை நேரத்தில், மீன் அவ்வொன்றையே பொறுக்கியுண்டு பிறவற்றைத் திரும்பியும் பாராது. அப்போது ஏற்ற பொய்யீ இல்லாதவன் கைகட்டி நிற்க வேண்டியதுதான் என்பர். ஒப்புகின்றேன். ஆனால் அத்தகைய மாலையில் தொடக்கத்தானுக்கு ஏற்ற பொய்யீ கிட்டினும், அதனை ஒருவாறேனும் இழுப்பின்றி மிதக்கவிட அவன் அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ? அதனைக் கற்கும்வரை அவ்வரிய பொய்யீ அவன் பேழையிற் கிடந்தென், கடையிற் கிடந்தென்!

பொய்யீ மிகுதியால் விளையும் கேட்டிற்குச் சால்மன் மீனுக்குரிய பொய்யீக்களே பெருஞ் சான்று. சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிடும்பொருட்டு ஆற்றிற்குத் திரும்பும். திரும்பியபின் அஃது இரை கொள்வதில்லை. உண்ணாத மீன் முள்ளைக் கவ்வுவது ஏன் என்பதற்குச் சினம் என்பாரும் பழைய பழக்கம் என்பாரும் உளர். எங்ஙனமாயினும், அதற்கிடும் பொய்யீ எந்தப் பூச்சியின் போலியும் அன்று. ஆதலின் விக்டோரியா அரசியார் காலத்திற் பொய்யீ கட்டுவோர் தம் கற்பனையை அவிழ்த்துவிட்டனர். 1895-இல் ஜார்ஜ் கெல்சன் வெளியிட்ட நூலைப் பார்ப்பின், ஒரு முள்ளின்மேல் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த பறவைகளின் இறகுகள் அடுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். அவ்விறகுகளுள் ஒன்று நம் மலைகளிலிருந்து சென்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்திறகுகளின் நுனியில் மெழுகு உருகி உறைந்தாற்போலப் பளபளக்கும் வெண்மஞ்சட் புள்ளிகள் உண்டு. அவற்றைப் பொய்யீயின் கண்ணாகவும் கன்னமாகவும் வைத்துக் கட்டினர். எத்தனை சேவல்கள் நம் காடுகளில் இதன்பொருட்டு மடிந்தன என்று எண்ணிச் சொல்வாரில்லை. 1902-இல் இந்திய அரசாங்கம் பறவையிறகுகளின் ஏற்றுமதியைத் தடுத்தது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டைக்கே தடையிட்டது. இன்று மேலைநாடுகளில் வளர்ப்புப் பறவைகளின் இறகுகளும் செயற்கை இறகுகளும் வழங்குகின்றன.

கதை அத்துடன் முடிந்ததா எனின், இல்லை. 2009-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓரிரவு, இங்கிலாந்தில் டிரிங் என்னும் ஊரிலுள்ள இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச் சாலையின் பலகணியை உடைத்துப் புகுந்த ஒருவன், 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் நிரப்பிக்கொண்டு போனான். அவற்றுட் சில, ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் கீழ்த்திசைத் தீவுகளில் அலைந்து திரட்டியவை. திருடியவன் பசித்த வறியவனல்லன். நம்மனோர் வயதொத்த, இசை பயிலும் மாணவன். கெல்சன் காலத்துப் பொய்யீக்களை அன்றைய இறகுகளைக் கொண்டே கட்டவேண்டும் என்னும் வேட்கை உடையவன். பலவற்றின் அடையாளச் சீட்டுக்களை அறுத்தெறிந்துவிட்டான். எந்நாளில் எவ்விடத்திற் பிடித்தது என்று சொல்லும் அச்சீட்டு இல்லையேல் பறவைத் தோல் ஆராய்ச்சிக்குப் பயன்படாது. அவ்வேட்கையைக் கொண்டு கட்டப்படும் பொய்யீக்களுட் பல நீரையே காண்பதில்லை. கண்ணாடிச் சட்டத்துள் அடைபட்டுச் சுவரில் தொங்குகின்றன. திருக்குறளில் 931-ஆம் பாட்டு, சூதில் வரும் வெற்றிக்குத் தூண்டிலின் இரும்பை மீன் விழுங்குதலை உவமையாக்கும். ஈண்டு விழுங்கினவன் மீனன்று என்பதே வேறுபாடு.

இஃது எல்லையின் கோடியில் நிகழ்ந்தது. கடையில் இரண்டு டஜன் பொய்யீ வாங்குபவனைத் திருடனோடு ஒப்பிடுதல் என் கருத்தன்று. ஆயினும் பொருள் சேர்த்தலை விளையாட்டென்று மயங்கும் மயக்கத்தின் முதற்படி கடைப்பேழையின் முன்னரே தொடங்குகின்றது என்று கூறாமலிருக்க முடியவில்லை.

நிற்க. அந்த ஐந்தும் யாவை என்று அப்பழைய மாணவர் கேட்பாராதலின் சொல்லிவிடுகின்றேன். மிதப்பனவற்றுள் முதலாவது ஆடம்ஸ் என்பது. 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகன் நாட்டில் லெனர்டு ஹாலடே என்பார் கட்டித் தம் நண்பர் பெயரை இட்டது. சாம்பல் நிற உடல். பழுப்பும் புள்ளியும் கலந்த கழுத்திறகு. எந்த ஒரு பூச்சிக்கும் இது சரியான போலியன்று. அதனாலேயே பல பூச்சிகட்கும் பொதுவான போலியாக உதவுகின்றது. 14, 16 ஆகிய இரண்டளவிற் கொள்க. இரண்டாவது, எல்க் என்னும் மானின் மயிரைக் கூரை போலச் சரித்துக் கட்டிய காடிஸ். காடிஸ் இனப் பூச்சிகள் அமரும்போது சிறகைக் கூரை வடிவில் மடக்கும். மே ஈயோ சிறகை நிமிர்த்தி நிறுத்தும். இவ்விரண்டு வடிவமும் கையிலிருப்பின் நீர்மேல் மிதப்பனவற்றுட் பெரும்பகுதி அடங்கிவிடும். அம்மயிர் எளிதிற் கவிழாது மிதப்பதாதலின் கலங்கி விரையும் நீரிலும் கண்ணுக்குத் தெரியும். புதியவனுக்கு இது பேருதவி.

அமிழ்வனவற்றுள் முதலிடம் பிராங்க் சாயர் கட்டிய பெசண்ட் வாலிறகுப் பொய்யீக்கு. அவர் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலர்; நாள்தோறும் ஆற்றோடு வாழ்ந்தவர். அவர் நூலை விடுத்து மெல்லிய செப்புக் கம்பியாலேயே பெசண்ட் பறவையின் வாலிறகு இழைகளைச் சுற்றினார்; கம்பியே கனமும் ஆயிற்று, நிறமும் ஆயிற்று. காலென்று ஒன்றும் வைத்திலர். நீந்தும் இளம்பூச்சி காலை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதைக் கண்டவர் அவர். இறகொன்று, கம்பியொன்று; இதனினும் எளியது எது? என் கண்ணுக்கு ஐந்தனுள் அழகியதும் இதுவே. நான்காவது, காட்டுமுயலின் காதுப்புற மயிரைத் திரித்துப் பொன்னிறக் கம்பி சுற்றிய முயற்காது. இது சிலிர்த்த மயிருடையது. கற்களிடை ஊர்வன பலவற்றைப் போலத் தோன்றும். இவ்விரண்டனுள்ளும் சிலவற்றின் தலையில் ஓர் உலோக மணி கோத்திருப்பர். ஆழ்ந்த மடுவிற்கு அது நன்று.

ஐந்தாவது, உல்லி பக்கர் என்னும் வேடிக்கைப் பெயருடையது. 1960-களில் பென்சில்வேனியாவில் தோன்றியது. மெல்லிறகு வாலும் மயிரடர்ந்த உடலும் உடைய பெரிய பொய்யீ. 10-ஆம் அளவே போதும். அட்டை என்றோ சிறுமீன் என்றோ மீன் எண்ணுமாறு இழுத்து இழுத்துக் காட்டுவது. ஆனால் இங்கிலாந்தின் சில ஆறுகளில் இத்தகையதை இடுதல் அவ்வாற்றை உடைய கழகத்தாரின் விதிக்கு மாறு. சீட்டு வாங்கும்போதே கேட்டறிதல் வேண்டும்.

ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவிற்கும் இரண்டேனும் மூன்றேனும் வாங்குக. பன்னிரண்டு வகையில் ஒவ்வொன்று வாங்குதலினும் இது பெரிதும் மேலானது. என்னை? புதியவன் எறியும் பொய்யீக்கள் மீனினும் மரக்கிளையையே மிகுதியும் பிடிக்கும். மீன் விரும்பிய ஒரே பொய்யீ வில்லோ மரத்தின் உச்சியிற் சென்று தங்கிவிட்டால், எஞ்சிய பதினொன்றும் அன்று உதவா. மலிந்த விலைக்கு நூறாகக் கட்டி விற்கும் பெட்டிகளை ஒதுக்குக; அவற்றுட் பல இரண்டு முறை நனைந்தவுடன் நூல் அவிழும், முள்ளும் வளையும். முள்ளின் உள்நோக்கிய கூரை இடுக்கியால் நசுக்கிவிடின், பிடித்த மீனையும், பிடிபட்ட தன் காதையும் எளிதில் விடுவித்துக்கொள்ளலாம்.

வாங்கும் இடம் கூடுமானவரை அவ்வாற்றங்கரையை அடுத்த ஊர்க்கடையாக இருக்கட்டும். ஆண்டுள்ளார்க்கு எத்திங்களில் எந்தப் பூச்சி எழும் என்பது தெரியும். ஆறாவதாக ஒன்றை அவர்கள் வற்புறுத்திக் கூறின் அதனை மட்டும் ஏற்றுக்கொள்க. மிஞ்சிய பணத்திற்கு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வாங்குக. கோலை விரிப்பதற்கு முன்னர், முழங்கால் நீரில் இறங்கி, கல்லொன்றை மெல்லப் புரட்டி, அதனடியில் ஒட்டியிருப்பவற்றைத் தட்டிலிட்டுச் சிறிது நீர் விட்டுப் பார்க்க. அவற்றுட் பெரும்பான்மை எந்த அளவினது, எந்த வடிவினது என்று கண்டு, பேழையிலுள்ள ஐந்தனுள் அதற்கு அணித்தான ஒன்றை எடுத்துக் கட்டுக. பார்த்த பூச்சிகளை மீண்டும் நீரில் விட்டு, கல்லையும் முன்னிருந்தபடியே வைத்துவிடுக.